அது இல்லைங்க

1

2015இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை. எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒளி சிகிச்சை. பழைய எஸ்.டி.டி. பூத் அளவுக்கு ஒரு பெட்டி, உள்ளே சுற்றிலும் குழல் விளக்குகள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதற்குள் நிற்க வேண்டும். முதலில் சில நொடிகள்தான். போகப்போக நேரத்தைக் கூட்டுவார்கள். அந்தச் சில நொடிகளுக்காக இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருப்போம்.

பக்கத்தில் ஒரு அம்மா, நான்கு வயசுப் பையனோடு. பையனுக்கு அக்காவின் கண்ணாடி வளையல் மேல் கண். நகர்ந்து நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துவிட்டான். அந்த அம்மா அவனை வெடுக்கென்று இழுத்தார். அவர் பார்வை அக்காவின் விரல் நுனிகளில் இருந்த வெள்ளையில் நின்றிருந்தது.

நான் உடனே சொன்னேன்: "பயப்படாதீங்கக்கா. குஷ்டம் இல்லைங்க. இது வெண்புள்ளி. ஒட்டாது."

"ஐயோ, அதுக்கில்ல தம்பி" என்று அவர் சங்கடப்பட்டார். பையனை மறுபடி விட்டார். அவன் வளையலை உருட்டி விளையாடினான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கோபப்படாமல், நிதானமாக, அறிவியலைச் சொல்லி ஒரு மனுஷியின் பயத்தைப் போக்கிவிட்டேன் இல்லையா?

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டாள். "நீ அப்படிச் சொன்னப்ப பெஞ்சு ஓரத்துல இருந்த பெரியவர் எழுந்து போனாரே, பாத்தியா?"

பார்த்திருந்தேன். கையில் ஒரு மாத்திரை அட்டையோடு இருந்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். காற்றுக்காகப் போகிறார் என்று நினைத்தேன்.

"அது குஷ்டத்துக்குக் குடுக்குற அட்டைடா. நர்ஸம்மா அவரை அங்கேயே முழுங்க வெச்சுட்டு மிச்சத்தைக் குடுத்தாங்க. நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

"நான் ஒண்ணும் பொய் சொல்லலையே" என்றேன்.

"பொய்னு நான் சொல்லலடா."

அதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை. ஒரு வாக்கியம் முழுக்க உண்மையாக இருந்தும் தவறாக இருக்க முடியுமா? பத்து வருஷமாக இந்தக் கேள்வியை விட முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

2

முதலில் அந்த உண்மையைப் பார்த்துவிடலாம்.

வெண்புள்ளி கிருமியால் வருவதில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தயாரிக்கும் செல்களுக்கு மெலனோசைட் என்று பெயர். உடலின் காவல் படையான டி செல்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த மெலனோசைட்டுகளையே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகின்றன. அந்த இடம் வெளுக்கிறது. அரிப்பதில்லை, வலிப்பதில்லை, உணர்ச்சி போவதில்லை. நூறு பேரில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக, உலகம் முழுக்க எல்லா இனத்தவருக்கும் வருகிறது. வெளுத்த தோலில் ஆரம்ப நிலையைக் கண்டுபிடிக்க இருட்டறையில் உட் விளக்கின் புற ஊதா ஒளியை அடித்துப் பார்ப்பார்கள். நிறமி போன இடம் சுண்ணாம்பு மாதிரி பளிச்சென்று தெரியும். அக்கா அந்த அறையிலிருந்து முதல் முறை வெளியே வந்தபோது, "எனக்கே தெரியாத இடத்துல எல்லாம் இருக்குடா" என்று சொன்னாள்.

சிகிச்சைக்கு ஸ்டீராய்டு களிம்பு, டாக்ரோலிமஸ் களிம்பு, 311 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா ஒளி. இழந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே அமெரிக்காவில் முதல் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2022இல்தான். அது ருக்ஸோலிடினிப் களிம்பு. எதுவும் எல்லோருக்கும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. முகத்தில் நிறம் எளிதாகத் திரும்பும். விரல் நுனியிலும் உதட்டிலும் பிடிவாதமாக நிற்கும்.

ஆகவே 'குஷ்டம் இல்லை', 'ஒட்டாது' இரண்டும் சரி.

இனி, எழுந்து போனவரின் பக்கத்து உண்மை. தொழுநோய் மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற கிருமியால் வருகிறது. மனிதர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அதை எதிர்க்கும் திறன் இயல்பிலேயே உண்டு. கை குலுக்குவதாலோ ஒரே பெஞ்சில் உட்காருவதாலோ அது பரவாது. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகினால்தான் பரவ வாய்ப்பு. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாஸிமின் என்ற மருந்துகளை நோயின் நிலையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ தருவார்கள். மாதம் ஒரு வேளை சுகாதார ஊழியரின் கண்முன்னே விழுங்க வேண்டும். அக்கா பார்த்தது அதைத்தான். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பு அநேகமாக இல்லாமல் போய்விடுகிறது.

அதாவது, அட்டையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரும் அந்தக் குழந்தைக்கு எந்த ஆபத்தும் இல்லாதவர்தான். 'ஒட்டாது' என்பது நடைமுறையில் அவருக்கும் பொருந்தும். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. ஒருவேளை அவருக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தும் எழுந்துபோனார்.

3

இரண்டும் இவ்வளவு வேறு வேறு நோய்கள் என்றால், 'வெண்குட்டம்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

நிரலெழுதுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 'குட்டம்' ஒரு தாய் வகுப்பு. பழைய இந்திய மருத்துவ நூல்களில் குட்டம் என்பது ஒரே ஒரு நோயின் பெயரல்ல. பதினெட்டு வகைக் குட்டங்களை அவை எண்ணின. செதில் உதிர்வது, அரிப்பது, நீர் வடிவது என்று தோலைக் கெடுக்கும் பலவும் அதன் கீழ் வந்தன. வெள்ளைத் திட்டுகளும் அவற்றோடு சேர்த்தே பேசப்பட்டன. ஆனால் ஒரே கூரையின் கீழ் வைத்தார்களே தவிர ஒரே மருந்தைக் கொடுக்கவில்லை. வெள்ளைத் திட்டுக்குக் கார்போக அரிசி கொடுத்து வெயிலில் நிற்கச் சொன்னார்கள். அந்த விதையில் இருக்கும் சோராலென் என்ற பொருள் தோலைச் சூரிய ஒளிக்குக் கூர்மையாக்கும். இருபதாம் நூற்றாண்டில் எகிப்தில் வேறொரு செடியிலிருந்து அதே வகைப் பொருளைப் பிரித்தெடுத்து, நவீன ஒளி சிகிச்சைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அக்கா நின்ற பெட்டிக்கு மூதாதை அந்த வெயில்தான்.

காலப்போக்கில் 'குட்டம்' என்ற சொல் சுருங்கி, ஒரே ஒரு நோய்க்கு, அதுவும் எல்லோரும் பயந்த நோய்க்கு, ஒட்டிக்கொண்டது. 'வெண்குட்டம்' மட்டும் பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. தாய் வகுப்பின் பொருள் மாறினால் அதிலிருந்து பிறந்த எல்லாவற்றின் பொருளும் மாறிப்போகும். எங்கள் வேலையில் இப்படி நடந்தால் அதை பக் என்போம். யாராவது ஒருவர் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்வார்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. எபிரேய பைபிளில் ஆட்களுக்கும், துணிக்கும், வீட்டுச் சுவருக்கும்கூட வரும் ஒரு தீட்டைக் குறிக்க 'சாராத்' என்று ஒரு சொல் உண்டு. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அதற்கு 'லெப்ரா' என்று போட்டார்கள். கிரேக்க மருத்துவத்தில் லெப்ரா என்றால் செதில் உதிரும் தோல்நோய். இன்று நாம் தொழுநோய் என்று சொல்வதற்கு கிரேக்கர்கள் வைத்திருந்த பெயர் வேறு. இடைக்காலத்தில் அரபு மருத்துவ நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோனபோது, அந்த உண்மையான நோயின் தலையிலும் 'லெப்ரா' என்ற சொல்லே ஏறியது. வேதத்தில் சொன்ன தீட்டு முழுக்க ஒரு பாக்டீரியாவின் மேல் வந்து இறங்கியது. இரண்டு மொழிபெயர்ப்புகளுக்கு நடுவில் சிக்கி ஒரு கூட்டம் மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஊருக்கு வெளியே வாழ்ந்தார்கள்.

சொரியாசிஸும் அதே வலையில் சிக்கியதுதான். 1841இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா அதைத் தொழுநோயின் பெயரிலிருந்து தெளிவாகப் பிரித்தார். அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விடுதலை யாருக்கு என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள்கிறேன். சொரியாசிஸ்காரர்கள் வெளியே வந்தார்கள். மற்றவர்கள் உள்ளேயே இருந்தார்கள்.

4

அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் அந்த நோய்க்கு மூன்று பெயர்கள் புழங்கின.

அம்மா 'தேமல்' என்பார். "லேசா தேமல் மாதிரி இருக்கு, மருந்து போட்டுட்டிருக்கோம்." தேமல் பூஞ்சையால் வருவது, களிம்பு தடவினால் போகும். அம்மாவுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். தமிழில் தேமலைப் பார்த்து யாரும் எழுந்து போவதில்லை என்பதும் தெரியும். சங்கக் கவிஞர்கள் பெண்ணுடலின் சுணங்கை வேங்கைப் பூவோடு ஒப்பிட்டவர்கள். உரைகாரர்கள் சுணங்குக்குத் தேமல் என்று பொருள் சொல்வதுண்டு. தோலில் நிறம் மாறிய புள்ளிகளை அழகு என்று பாடிய மொழிதான் இது. அம்மா அதைப் படித்ததில்லை. ஆனால் எந்தச் சொல்லுக்குள் போனால் பத்திரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்பா ஒன்றுமே சொல்ல மாட்டார். 'அது' என்பார். "அது இப்ப எப்படி இருக்கு?"

நான் 'விட்டிலிகோ' என்பேன். அதுதான் நேர்மையான சொல் என்பது என் கட்சி. அறிவியல் பெயர், சரியான பெயர், எந்த அசிங்கமும் ஒட்டாத பெயர். ஒரு வரன் நெருங்கி வந்தபோது, மாப்பிள்ளையின் அண்ணனிடம் போனில் நானே சொன்னேன்: "அக்காவுக்கு விட்டிலிகோ இருக்குங்க. ஆட்டோஇம்யூன். ஒண்ணும் பிரச்சினை இல்ல." அவரும் "ஓகேங்க" என்று கேட்டுக்கொண்டார். இரண்டு நாளில் அவர்கள் வீட்டிலிருந்து பேச்சு நின்றுபோனது. பிறகு தரகர் சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் வீட்டுப் பெரியவர் அந்தச் சொல்லை அகராதியில் தேடச் சொல்லியிருக்கிறார். அகராதி 'வெண்குட்டம்' என்றது.

அம்மா என்னைத் திட்டவில்லை. "உன் இங்கிலீஷு சுத்தி வந்து அங்கேயேதான் நிக்குது" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பார்த்தால் அந்தச் சொல்லும் அவ்வளவு சுத்தமானதல்ல. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் பயன்படுத்திய லத்தீன் சொல் அது. குறை, மாசு என்று பொருள்படும் 'விடியம்' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். தோல் மருத்துவத்தின் சொற்களைத் தோண்டினால் பாதி இப்படித்தான். தோலில் நிறம் மட்டும் மாறிய புள்ளிக்குப் பெயர் 'மாக்யூல்', அதாவது கறை. லூபஸ் என்றால் ஓநாய். ஹெர்ப்பிஸ் என்றால் ஊர்வது. எக்ஸிமா என்றால் கொதித்துப் பொங்குவது. சிவந்திருக்கிறது என்று நாம் போய்ச் சொன்னால், டாக்டர் சீட்டில் 'எரித்திமா' என்று எழுதுவார். கிரேக்கத்தில் அதற்குச் சிவப்பு என்றுதான் பொருள். அரிக்குது என்றால் 'ப்ரூரைட்டஸ்'. நம்முடைய சொல்லையே செத்த மொழிக்கு மாற்றித் திருப்பித் தருகிறார்கள். ஆனாலும் சீட்டை மடித்துப் பையில் வைக்கும்போது ஒரு நிம்மதி வருகிறது. நமக்கு அந்த மொழி தெரியாது என்பதுதான் அந்த நிம்மதிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். வசவும் புரியாத மொழியில் இருந்தால் வலிக்காது.

5

அப்படியானால் பெயர்களே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் 'படை' என்று ஒரு சொல் இருக்கிறது. படர்தாமரையும் படைதான், காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸும் படைதான், சில சமயம் எக்ஸிமாவும் படைதான். மெடிக்கல் ஷாப்பில் போய் "படைக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணே" என்றால் பல நேரம் ஸ்டீராய்டு கலந்த டியூப் ஒன்று கிடைக்கும். எக்ஸிமா என்றால் அது வேலை செய்யும். படர்தாமரை என்றால் இரண்டு நாள் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். அடியில் பூஞ்சை சுகமாகப் பரவும். உருவமே மாறிவிடும். பிறகு டாக்டர் பார்த்தாலும் சட்டென்று அடையாளம் தெரியாது. 'டீனியா இன்காக்னிட்டோ' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மாறுவேடத்தில் இருக்கும் படை. ஒரு பொதுச் சொல்லும் ஒரு தப்பான டியூபும் சேர்ந்து செய்யும் வேலை இது.

தொழுநோயிலும் அப்படித்தான். வெளிறிய திட்டு ஒன்று வந்தால், தேமலா, வெண்புள்ளியா, தொழுநோயா என்று பிரித்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் தொட்டால் தெரிகிறதா, சூடு உறைக்கிறதா என்று டாக்டர் பார்ப்பது அதற்காகத்தான். தொழுநோய் நரம்பைத் தாக்குகிறது. உணர்ச்சி போன கை அடுப்பில் பட்டாலும் தெரியாது. விரல்கள் அழுகி விழுவதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வேலூரில் பணிபுரிந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், விரல்களை அழிப்பது பெரும்பாலும் வலி தெரியாமல் படும் காயங்கள்தான் என்று காட்டினார். சீக்கிரம் கண்டுபிடித்தால் நரம்பைக் காப்பாற்றலாம். சரியான பெயர் கிடைக்க ஒரு வருஷம் தாமதமானால் ஒருவருக்கு விரல்களே போகலாம்.

ஆகவே பிரித்துச் சொல்வது தேவை. 'இது அது இல்லை' என்ற வாக்கியம் ஒரு மருத்துவரின் வாயில் மிகப் பெரிய சொத்து. அதே வாக்கியம் பெஞ்சில் என் வாயிலிருந்து வந்தபோது அதற்கு வேறு வேலை இருந்தது. மருத்துவர் பிரிப்பது எந்த மருந்து கொடுப்பது என்று முடிவுசெய்ய. நான் பிரித்தது யார் பக்கத்தில் உட்காரலாம் என்று முடிவுசெய்ய.

6

பெயரை மாற்றினால் சரியாகிவிடுமா என்ற கேள்விக்கு வரலாறு ஒரு விசித்திரமான பதிலை வைத்திருக்கிறது.

1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹெரார்ட் ஆர்மாவர் ஹேன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். பிற்பாடு, லெப்ரசி என்ற சொல்லின் பாரத்தை இறக்கிவைக்க அவர் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். ஹேன்சன் நோய். அமெரிக்காவில் இதற்காகப் போராடியவர்களில் முக்கியமானவர் லூசியானா மாநிலத்தின் கார்வில் மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்த ஸ்டான்லி ஸ்டைன். அவரும் ஒரு நோயாளி. 'தி ஸ்டார்' என்ற பத்திரிகையை உள்ளிருந்தே நடத்தி, எங்களை அந்தப் பழைய சொல்லால் அழைக்காதீர்கள் என்று பல ஆண்டுகள் எழுதினார். ஸ்டான்லி ஸ்டைன் என்பது அவருடைய சொந்தப் பெயரல்ல. குடும்பத்துக்கு அவமானம் வராமலிருக்க அங்கே வந்தவர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். தன் நோயின் பெயரை மாற்றப் போராடியவர், தன் பெயரை ஏற்கெனவே இழந்திருந்தார்.

ஹேன்சனின் கதையில் இன்னொரு பக்கம் உண்டு. கிருமிதான் காரணம் என்று நிரூபிக்க ஆய்வகத்தில் அதை வளர்க்க முடியவில்லை. 1879இல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவரிடம் கேட்காமலே, இன்னொரு நோயாளியிடமிருந்து எடுத்த பொருளைக் குத்தினார். வழக்கு நடந்தது. 1880இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மருத்துவமனைப் பதவி போனது. நாட்டின் தொழுநோய்த் துறைக்கான தலைமைப் பொறுப்பில் நீடித்தார். இன்று, நோயாளிகளின் கண்ணியத்துக்காக நாம் பயன்படுத்தும் பெயர், ஒரு நோயாளியின் கண்ணியத்தை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்டவரின் பெயர்.

அதனால் அந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த நோயோடு வாழ்ந்தவர்கள் கேட்டு வாங்கிய பெயர் அது, எனக்கு அதில் கருத்துச் சொல்ல இடமில்லை. பிரேசில் 1995இல் சட்டம் போட்டே அரசு ஆவணங்களில் 'லெப்ரா' என்பதை நீக்கியது. தமிழ்நாட்டில் வெண்குட்டம் என்று சொல்லாதீர்கள், வெண்புள்ளி என்று சொல்லுங்கள் என்று ஓர் இயக்கமே நடந்தது. அதன் பலனை எங்கள் வீட்டில் அனுபவித்தோம். 'வெண்புள்ளி' என்ற சொல்லை முதன்முதலில் ஒரு நோட்டீஸில் படித்த அன்று, அக்கா அதை இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். தன் உடம்பைப் பற்றித் தமிழில் பேச அவளுக்கு அதுவரை சொல்லே இருந்திருக்கவில்லை.

பெயருக்கு வெளியே மாற வேண்டியவை மெதுவாகத்தான் மாறுகின்றன. தொழுநோயாளிகளை அடைத்துவைக்க 1898இல் பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்த சட்டம் ரத்தானது 2016இல். 1955இன் இந்து திருமணச் சட்டம் 'குணப்படுத்த முடியாத' தொழுநோயை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருந்தது. அது நீக்கப்பட்டது 2019இல். மருந்து வந்து 38 வருஷம். அத்தனை வருஷமும் மாத்திரை அட்டை ஒன்றைச் சொல்ல, சட்டப் புத்தகம் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. 2005இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோயை ஒழித்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பது அதன் அர்த்தம். உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியர்கள். 'ஒழிந்துவிட்டது' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நோயின் அட்டையைத்தான் அந்தப் பெரியவர் பையில் வைத்தார்.

7

பெஞ்சில் நடந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது மருத்துவமனையில் அல்ல. சென்னையில் வீடு தேடும்போது.

அந்த வீட்டு ஓனர் நல்ல மனிதர். காபி கொடுத்தார். வேலை, சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" என்றார். நான் தயங்கியதைப் பார்த்து அவரே ஒரு சாதிப் பெயரைச் சொன்னார். "அவங்களா?"

"இல்லைங்க, நாங்க அவங்க இல்லைங்க" என்றேன்.

சாவி கிடைத்தது. படி இறங்கும்போதுதான் காதில் விழுந்தது: குஷ்டம் இல்லைங்க. நாங்க அவங்க இல்லைங்க. அதே இழுவை, அதே 'ங்க'.

இரண்டு இடத்திலும் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு உண்மையான பதில் சொல்லும்போது, அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறோம். 'நாங்க அவங்க இல்லை' என்றால், அவங்களாக இருந்திருந்தால் நீங்கள் கதவைச் சாத்துவது நியாயம்தான் என்று அர்த்தம். 'குஷ்டம் இல்லை, ஒட்டாது' என்றால், குஷ்டமாக இருந்தால் குழந்தையை இழுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அந்த அம்மாவின் பயத்தை நான் போக்கவில்லை. பயம் சரிதான், ஆள்தான் தப்பு என்று திசை காட்டிவிட்டேன். அந்தத் திசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானது. அவமானப்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தி தன்னைக் காத்துக்கொள்ளும்போது உலகத்தில் உள்ள எல்லோருக்காகவும் சேர்த்து வாதாட வேண்டுமா? அக்காவின் கையைப் பார்த்து ஒருவர் பின்வாங்குகிறார். அவரைச் சமாதானப்படுத்தக் கிடைப்பது ஐந்து நொடி. அதில் 'இது குஷ்டம் இல்லை' என்ற உண்மையைச் சொல்லக்கூட அவளுக்கு உரிமை இல்லையா? இருக்கிறது. அவளே சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அடிபடுகிறவர் கையில் கிடைத்ததை எடுத்துத் தடுக்கத்தான் செய்வார்.

ஆனால் அன்று அடி என் மேல் விழவில்லை. என் விரல்கள் சுத்தமாக இருந்தன. எனக்கு நேரமும் இருந்தது. நான் 'பயப்படாதீங்க, உக்காருங்க' என்று நிறுத்தியிருக்கலாம். 'இங்க இருக்கறதுல எதுவும் தொட்டா வராதுங்க' என்று சொல்லியிருக்கலாம். இந்த இரண்டாவது வாக்கியத்தை முழுசாகச் சொல்ல என்னால் முடியாது, தோல்நோய்ப் பிரிவில் சொறி சிரங்கும் இருக்கும், அது தொட்டால் வரும். அதனால் முதல் வாக்கியமே போதும் என்று இப்போது தோன்றுகிறது. தொற்றும் நோய் வந்தவரிடமிருந்து குழந்தையைக் கொஞ்சம் தள்ளி வைப்பது தப்பில்லை. அது எச்சரிக்கை. நோய் குணமான பிறகும் தள்ளி வைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

8

அக்கா இரண்டு வருஷம் ஒளி சிகிச்சை எடுத்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த திட்டில் முதலில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகளாக நிறம் வந்தது, பிறகு அவை ஒன்று சேர்ந்தன. விரல்களில் வரவே இல்லை. ஒரு நாள் "போதும்டா" என்று நிறுத்திவிட்டாள். கல்யாணம் ஆகிவிட்டது. அத்தானிடம் அவளே முதலில் பேசினாள். என்ன பெயர் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் பிள்ளைகள் கையைப் பார்த்துக் கேட்பார்கள். என்ன சொல்லுவாய் என்று போன மாதம் கேட்டேன்.

"தோல்ல கலர் போயிடுச்சுன்னு சொல்லுவேன்."

"ஒட்டுமான்னு கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. ஒட்டாதுன்னு சொல்லுவேன். கேட்டாத்தான் சொல்லுவேன். நானா முந்திக்கிட்டுச் சொல்ல மாட்டேன்."

"குஷ்டமான்னு கேட்டா?"

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அந்த வார்த்தையே தெரியலடா. ஒரே ஒருத்தி கேட்டா, அவ பாட்டி சொன்னாங்களாம். இல்ல, அது வேற, அதுக்கு மாத்திரை இருக்கு, சாப்பிட்டா சரியாயிடும்னு சொன்னேன்."

அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அவளும் 'இல்ல, அது வேற' என்றுதான் ஆரம்பித்திருக்கிறாள். பெஞ்சில் நான் நிறுத்திய இடத்தில் அவள் நிறுத்தவில்லை. இன்னொரு வாக்கியம் கூடச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெரியவரைப் பற்றிய வாக்கியம்.

தொழுநோய்ப் பதிவேட்டில், மாத்திரைகளை முழுதாகச் சாப்பிட்டு முடித்தவரின் பெயருக்கு எதிரே ஆர்.எஃப்.டி. என்று குறிப்பார்கள். சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அர்த்தம். அதிகபட்சம் பன்னிரண்டு அட்டை. 2016 முடிவதற்குள் அந்தப் பெரியவரின் பெயருக்கு எதிரேயும் அந்த மூன்று எழுத்துகள் விழுந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். மருத்துவம் அவரை விடுவித்துவிட்டது. நம் பேச்சில், குணமான பிறகு அவரைக் குறிக்க, 'முன்னாடி குஷ்டம் வந்தவர்' என்பதைத் தவிர வேறு சொல் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். அம்மை வந்து போனவரை நாம் அப்படிச் சொல்வதில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கேட்டிருக்கலாம். இரண்டு மணி நேரம் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம்.